தாய்ப்பத்திரம் தேடி: கலிஃபோர்னியா நாட்குறிப்பு

முதல் நாள்: ஏஞ்சல் தீவு

சான்பிரான்சிஸ்கோ படகுத்துறையில் ஏஞ்சல் தீவுக்கு டிக்கெட் எடுக்க நின்றவர்களில் பாதிப் பேர் சைக்கிளோடு வந்திருந்தார்கள், மீதிப் பேர் சாப்பாட்டுக் கூடையோடு. தீவைச் சுற்றி நல்ல பாதை இருக்கிறது, மேலே ஏறினால் கோல்டன் கேட் பாலம் தெரியும். 1910 முதல் 1940 வரை இங்கே இயங்கிய குடியேற்றச் சோதனை நிலையத்தைப் பார்ப்பதற்கென்றே வந்தவர்கள் என்று பார்த்தால், நானும் என் தங்கை மகன் கவினும், ஒரு சீனக் குடும்பமும்தான்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோவில்பட்டிப் பக்கம் சார்பதிவாளர் அலுவலகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பத்திரம், வில்லங்கம், வாரிசுச் சான்றிதழ் என்றே காலம் போனது. கவின் ஃப்ரீமான்டில் பிறந்தவன், கல்லூரியில் படிக்கிறான். தமிழ் நன்றாகப் பேசுவான், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். "அமெரிக்கர் என்றால் யார்" என்று ஒரு பாடத்துக்குக் கட்டுரை எழுத வேண்டுமாம். "வாங்க மாமா, காரை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றி வரலாம்" என்றான். பெட்ரோல் செலவு அவன் அப்பாவுடையது.

நிலையத்தில் மரத்தால் கட்டிய நீண்ட கொட்டடி. உள்ளே ஒன்றின் மேல் ஒன்றாக மூன்றடுக்குக் கட்டில்கள், பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவரின் மூச்சு முகத்தில் படும் அளவுக்கு நெருக்கம். சுவரைப் பார்த்தால் முதலில் வெறும் பச்சை வண்ணப் பூச்சுதான் தெரிகிறது. வழிகாட்டி அம்மையார் கைவிளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தார். சீன எழுத்துகள் வரிசை வரிசையாக எழுந்து வந்தன. அடைபட்டுக் கிடந்தவர்கள் கத்தியால் மரத்தில் செதுக்கிய கவிதைகள், பழைய சீன யாப்பில். நிர்வாகம் மேலே மேலே வண்ணம் பூசியிருக்கிறது, பள்ளங்களைப் பூசி அடைத்திருக்கிறது. அப்படியும் மறையவில்லை. 1970இல் கட்டடத்தை இடித்துவிடலாம் என்று இருந்த நேரத்தில் ஒரு பூங்காக் காவலர் கண்ணில் பட்டதால் பிழைத்தன.

அடைத்து வைத்த காரணம் எனக்கு நன்றாகவே புரிந்தது, ஏனென்றால் அது ஒரு ஆவணச் சிக்கல். 1882இல் சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வரக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். ஆனால் அமெரிக்கக் குடிமகனுடைய பிள்ளை என்றால் வரலாம். 1906 நிலநடுக்கத்திலும் தீயிலும் சான்பிரான்சிஸ்கோவின் பிறப்புப் பதிவேடுகள் எரிந்துபோயின. பலர் "நான் இங்கேயே பிறந்தவன், எனக்குச் சீனாவில் இத்தனை மகன்கள்" என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த மகன் இடங்கள் விலைக்குப் போயின. காகித மகன்கள் என்றே அவர்களுக்குப் பெயர். அதிகாரிகள் விடுவார்களா? உன் வீட்டுக்கு எத்தனை படி, தெருவில் மூன்றாவது வீட்டில் யார் இருக்கிறார், அரிசிப் பானை எந்த மூலையில் இருக்கும் என்று நாள் கணக்கில் குடைவார்கள். தகப்பனிடமும் தனியாக அதையே கேட்பார்கள். பதில் மாறினால் திரும்பக் கப்பல். வருகிறவர்கள் விடைத்தாளை மனப்பாடம் செய்துவிட்டுக் கரை வருவதற்குள் கடலில் வீசிவிடுவார்களாம். பெற்ற மகனும் படித்துத்தான் வந்தாக வேண்டும், சொந்த வீட்டுப் படியை எண்ணி வைத்திருப்பவர் யார்?

மாலையில் சைனா டவுனின் சேக்ரமென்டோ தெரு. வோங் கிம் ஆர்க் 1873இல் பிறந்த தெரு. சமையல்காரர். 1894இல் சீனாவுக்குப் போய்விட்டு 1895இல் திரும்பியவரைத் துறைமுகத்தில் மறித்து, நீ இந்த நாட்டான் இல்லை என்றார்கள். மாதக் கணக்கில் கப்பல்களிலேயே வைத்திருந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1868இல் வந்த அரசியலமைப்பின் 14ஆம் திருத்தம், அமெரிக்காவில் பிறந்து அதன் அதிகாரத்துக்கு உட்பட்ட எல்லோரும் குடிமக்கள் என்கிறது. அடிமைகளாக இருந்தவர்களுக்காக எழுதப்பட்டது. அது சீனப் பெற்றோருக்குப் பிறந்தவருக்கும் செல்லும் என்று 1898இல் ஆறுக்கு இரண்டு என்று தீர்ப்பு வந்தது.

கவின் பிறந்தபோது என் தங்கையும் மாப்பிள்ளையும் வேலை விசாவில் இருந்தார்கள். எங்கள் அலுவலக மொழியில் சொன்னால் இவன் குடியுரிமைக்குத் தாய்ப்பத்திரம் இந்த வோங் வழக்குதான். சொன்னேன். "அப்படியென்றால் நான் கோவில்பட்டித் தாத்தாவுக்கும் பேரன், வோங் தாத்தாவுக்கும் பேரன்" என்று சிரித்தான்.

இரண்டாம் நாள்: பெர்க்லி, லாக், ஸ்டாக்டன்

பெர்க்லி நகர நடுவே கலா பகாய் பெயரில் ஒரு சிறு தெரு இருக்கிறது. பெயர்ப்பலகையைத் தவிர அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, ஆனால் கதை பெரிது.

1915இல் பெஷாவரிலிருந்து கணவர் வைஷ்ணோ தாஸ் பகாயோடும் மூன்று மகன்களோடும் கலா வந்து இறங்கினார். அதே ஏஞ்சல் தீவில் நிறுத்தி விசாரித்தார்கள். கையில் 25,000 டாலர் பெறுமான தங்கம் இருந்ததைக் கண்டு விட்டுவிட்டார்கள். கலாவின் மூக்குத்தியைப் பற்றி உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று புதுப் பாணி வந்திருக்கிறது என்பதுபோலச் செய்தி போட்டது. பெர்க்லியில் வீடு வாங்கிச் சாமான் வண்டியோடு போனால், அக்கம்பக்கத்தார் வீட்டைப் பூட்டி உள்ளே விடவில்லை. வந்த வழியே திரும்பினார்கள். வைஷ்ணோ தாஸ் மேல்நாட்டு உடை, ஆங்கிலம், கடை என்று முழுக்க மாறிக்கொண்டவர். 1921இல் குடியுரிமையும் பெற்றார். இரண்டே ஆண்டில் பகத் சிங் திண்ட் வழக்கில் தீர்ப்பு வந்து அதைப் பறித்துக்கொண்டது. சொத்து வைத்திருக்கும் உரிமையும் போனது. 1928இல் தற்கொலை செய்துகொண்டார். பத்திரிகைக்கு எழுதி வைத்த கடிதத்தில், தங்கக் கூண்டில் வாழ்வது வாழ்வா என்று கேட்டிருந்தார்.

திண்ட் வழக்கைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், தமிழர்கள் அவசியம் அறிய வேண்டியது. 1790 சட்டப்படி, வெளியிலிருந்து வந்து குடியுரிமை பெற "சுதந்திரமான வெள்ளையராக" இருக்க வேண்டும். 1870இல் ஆப்பிரிக்க வழியினரையும் சேர்த்தார்கள். ஆசியர்கள் நடுவில் தொங்கினார்கள். 1922இல் ஒஸாவா என்ற ஜப்பானியர், என் தோல் வெள்ளைதானே என்று போனார். வெள்ளையர் என்றால் காகேசிய இனம், நீ அது இல்லை என்றது உச்ச நீதிமன்றம். மூன்று மாதம் கழித்து திண்ட் வந்தார். முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் தலைப்பாகையோடு பணியாற்றிய சீக்கியர். அறிவியல்படி வட இந்தியர் காகேசிய இனம், நான் ஆரியன் என்றார். நீதிபதி ஜார்ஜ் சதர்லாண்ட், ஒஸாவா தீர்ப்பை எழுதிய அதே ஆள், அறிவியல் கிடக்கட்டும், சாதாரண மனிதர் யாரை வெள்ளையர் என்று நினைக்கிறாரோ அவர்தான் வெள்ளையர் என்று எழுதிவிட்டார். சதர்லாண்ட் இங்கிலாந்தில் பிறந்து சிறுவயதில் குடியேறியவர் என்பது இங்கே பலருக்குத் தெரியாது.

அநியாயமான தீர்ப்பு. ஆனால் திண்ட் தரப்பு வாதத்தில் ஒரு வரி இருக்கிறது. கல்யாண விஷயத்தில், அமெரிக்கர் நீக்ரோவை எப்படிப் பார்க்கிறாரோ அப்படித்தான் உயர்சாதி இந்துவும் இந்தியப் பூர்வகுடியைப் பார்க்கிறார் என்பது அந்த வாதம். நாங்களும் உங்களைப் போலத்தான் கீழே ஒருவரை வைத்திருக்கிறோம், ஆகவே எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பொருள். ஆரியர், சாதி என்று கடல் தாண்டியும் இதைத்தானா மூட்டை கட்டிக்கொண்டு போவது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வேறு கதவே இல்லாதபோது அவர் என்ன செய்வார் மாமா?" என்றான் கவின். அந்த வாதம் காரிலும் தொடர்ந்தது.

பெர்க்லியை விடுமுன் இன்னொன்று. சென்னையில் பிறந்த சியாமளா கோபாலன் 1958இல் 19 வயதில் படிக்க வந்தது இங்கேதான். ஜமைக்காவிலிருந்து வந்தவரைக் கறுப்பின மாணவர்கள் வட்டத்தில் சந்தித்து மணந்தார். 2024 அதிபர் தேர்தலில் அவர் மகள் கமலா ஹாரிஸ் இந்தியரா கறுப்பரா என்று மேடை போட்டுக் கேட்டார்கள். மன்னார்குடி பக்கத்துத் துளசேந்திரபுரத்தில் பேனர் கட்டிய நாமும், ஒரு பாதியைத்தான் எடுத்துக்கொண்டோம்.

மதியம் லாக். சேக்ரமென்டோ ஆற்றுக் கரையணைக்குக் கீழே ஒரே ஒரு முக்கியத் தெரு. இருபுறமும் மாடி வைத்த மர வீடுகள், சில ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. 1915இல் சீனர்கள் தங்களுக்கென்று கட்டிய ஊர். வீடு அவர்களுடையது, மனை அவர்களுடையது இல்லை. 1913 நிலச் சட்டம், "குடியுரிமை பெறத் தகுதியற்ற அந்நியர்" நிலம் வாங்கக் கூடாது என்றது. இனத்தின் பெயரே சட்டத்தில் கிடையாது. எழுதியவர் கைதேர்ந்த ஆள்தான். ஜார்ஜ் லாக் என்ற நிலக்காரரிடம் கைகொடுத்துப் பேசிய ஒப்பந்தத்தில் ஊரே எழுந்தது. மனைகள் குடியிருப்பவர்கள் பெயருக்கு வர 2004 ஆகிவிட்டது. இத்தனை நாள் பத்திரம் இல்லாமல் ஒரு ஊர் நின்றிருக்கிறது என்பதை என் பழைய சகாக்கள் நம்ப மாட்டார்கள்.

ஸ்டாக்டன் குருத்வாராவில் இரவுச் சாப்பாடு. 1912இல் தொடங்கியது, அமெரிக்காவின் முதல் குருத்வாரா. தொடங்கியவர்களில் ஒருவரான ஜ்வாலா சிங் உருளைக்கிழங்கு பயிரிட்டுச் சம்பாதித்தவர். அந்தப் பணத்தில் இந்திய மாணவர்கள் பெர்க்லியில் படிக்க உதவித்தொகை கொடுத்தார், மதம் பார்க்காமல். பிறகு இந்திய விடுதலைக்குப் போராடிய கதர் கட்சியில் சேர்ந்து ஊர் திரும்பிச் சிறைக்குப் போனார். பருப்பில் காரம் தூக்கலாக இருந்தது, இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன்.

மூன்றாம் நாள்: யூபா சிட்டி

பீச், வால்நட் தோப்புகளுக்கு நடுவே ஊர். தூரத்தில் தனியாக நிற்கும் சட்டர் குன்றுகள். ஒவ்வொரு நவம்பரிலும் சீக்கியர்களின் நகர் கீர்த்தன ஊர்வலத்துக்கு நாடு முழுவதிலிருந்தும் கூட்டம் வருகிறது. அதற்கும் முந்தைய கதை ஒன்று இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த பஞ்சாபிகள் பெரும்பாலும் தனி ஆட்கள். ஊரிலிருந்து மனைவியை அழைத்துவரச் சட்டம் விடவில்லை. வெள்ளைப் பெண்ணை மணக்கவும் மாநிலச் சட்டம் விடவில்லை. பருத்திக் காட்டிலும் தோப்பிலும் கூட வேலை செய்த மெக்சிகோப் பெண்களை மணந்தார்கள். திருமண உரிமம் எழுதும் எழுத்தர் எதிரே நிற்பவர்களைப் பார்ப்பார், நிறம் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் இருவருக்கும் ஒரே சொல்லை எழுதிவிடுவார், பழுப்பு என்று. சீக்கியர், முஸ்லிம், இந்து எல்லோருக்கும் ஊரார் வைத்த பெயர் "ஹிந்து". பிள்ளைகளுக்கு மரியா சிங், ஹோசே கான் என்ற வகையில் பெயர்கள்.

ஒரு தோப்புக்காரர் வழியாக அப்படி ஒரு குடும்பத்து மூதாட்டியைப் பார்த்தோம். எண்பது தாண்டியவர். சமையலறையில் நின்றபடியே பேசினார். மாவை உருட்டி, உருட்டுக்கட்டையைத் தொடாமல் இரண்டு கையாலும் தட்டித் தட்டி விரித்து, சோள ரொட்டி சுடும் தட்டையான இரும்புக் கல்லில் போட்டார். விளிம்பு உப்பி வந்ததும் விரல் நுனியால் திருப்பினார். கரண்டி தேவைப்படவில்லை. அது சப்பாத்தியா டார்ட்டியாவா என்று கவின் கேட்டதற்கு, "சாப்பிடு" என்றார். உள்ளே பாலாடைக்கட்டியும் கோழிக் குழம்பும். 1954 முதல் 1993 வரை இந்த ஊரில் ரசூல் குடும்பத்தார் நடத்திய எல் ராஞ்சேரோ உணவகத்தில் இதே வகைதான் பெயர்போனது, ரொட்டி கேசடியா.

அப்பா அவரிடம் பேசியது ஸ்பானிய மொழியில். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில், ஆண்டுக்குச் சில முறை அப்பாவோடு ஸ்டாக்டன். அவரை வருத்தியது வெள்ளைக்காரர்கள் இல்லையாம். 1965க்குப் பிறகு பஞ்சாபிலிருந்து புதிதாக வந்தவர்கள், உங்களுக்கு மொழியும் தெரியாது, மதமும் தெரியாது, நீங்கள் என்ன இந்தியர் என்று ஒதுக்கினார்கள் என்றார். "எங்கள் அப்பாக்கள் இங்கே அடி வாங்கிய காலத்தில் இவர்கள் எல்லாம் எங்கே இருந்தார்கள்?" என்று அவர் கேட்டபோது குரல் உயர்ந்துவிட்டது. நியாயம்தானே. வீட்டில் இரண்டு கொடி இருக்கிறதா என்று கவின் தேடியிருப்பான் போல. இருந்தது ஒன்றுதான், அமெரிக்கக் கொடி, கொரியப் போரில் அண்ணன் போனபோது வைத்ததாம்.

நான்காம் நாள்: வழி

முழு நாளும் கார். மலை ஏறி இறங்கி 395ஆம் எண் நெடுஞ்சாலை. மோனோ ஏரி, பனி மிச்சமிருந்த சிகரங்கள், மோசமான காபி. இரவு லோன் பைனில் தங்கினோம்.

ஐந்தாம் நாள்: மான்ஸனார்

பக்கத்து ஊரின் பெயர் இண்டிபென்டன்ஸ், அதாவது சுதந்திரம். அதற்குச் சில மைல் தள்ளி, 1942இல் ஜப்பானிய வழியினரை அடைக்க முள்வேலி முகாம் கட்டினார்கள். புழுதிக் காற்று காலை பத்து மணிக்கே ஆரம்பித்துவிட்டது, சன்னல் இடுக்கில் எல்லாம் மணல். நாடு முழுவதும் 1,20,000 பேருக்கு மேல் அடைக்கப்பட்டார்கள், மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். மான்ஸனாரில் மட்டும் ஒரு நேரத்தில் 10,000 பேருக்கு மேல் இருந்தார்கள்.

அந்தக் குடிமக்களுக்கும் தாய்ப்பத்திரம் வோங் வழக்குதான். 1942இல் வெள்ளையர் அமைப்பு ஒன்று, இவர்களை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கு என்று சான்பிரான்சிஸ்கோவில் வழக்குப் போட்டது. வோங் தீர்ப்பு இருக்கும்போது இது நிற்காது என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. ஆக, இவர்கள் குடிமக்கள் என்பதில் சந்தேகம் இல்லை. குடிமக்கள் என்று தெரிந்தேதான் அடைத்தார்கள்.

1943இல் முகாமில் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். 27ஆம் கேள்வி, ராணுவத்தில் சேரத் தயாரா. 28ஆம் கேள்வி, அமெரிக்காவுக்கு விசுவாசமாக இருந்து ஜப்பான் பேரரசருக்கான விசுவாசத்தைக் கைவிடுவாயா. ஜப்பானிலிருந்து வந்த பெரியவர்கள் ஆம் என்றால் நாடற்றவர்கள் ஆவார்கள், ஏனென்றால் அமெரிக்கக் குடியுரிமை அவர்களுக்குக் கிடைக்காது என்று ஒஸாவா வழக்கிலேயே சொல்லியாயிற்று. இங்கேயே பிறந்த இளையவர்கள் ஆம் என்றால், இதுவரை பேரரசருக்கு விசுவாசமாக இருந்ததாக ஒப்புக்கொண்டது போலாகும். எங்கள் பக்கத்து வக்கீல்கள்கூட இப்படி ஒரு கேள்வியைத் தயாரித்ததில்லை.

தோண்டி எடுத்த தோட்டங்களைக் கவின் வெகுநேரம் பார்த்தான். சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும் இடத்தில் பாறை அடுக்கி, குளம் வெட்டி, சின்னப் பாலம் போட்டிருக்கிறார்கள். வேலியோரத்துச் சிமென்டில் ஈரம் காயுமுன் யாரோ குச்சியால் கீறிய எழுத்தும் தேதியும் அப்படியே இருக்கின்றன. விளையாட்டுக்குப் பேஸ்பால் திடல். ஜப்பானியத் தோட்டமும் அமெரிக்க விளையாட்டும் ஒரே வேலிக்குள்.

தேதி பற்றி ஒரு குறிப்பு. திண்ட் தீர்ப்பு 1923 பிப்ரவரி 19. இந்த முகாம்களுக்கு வழிசெய்த ரூஸ்வெல்ட் ஆணை 1942 பிப்ரவரி 19. வேலை விசா போன்ற தற்காலிக அனுமதியில் இருப்பவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளுக்குக் குடியுரிமை இல்லை என்று 2025 ஜனவரியில் டிரம்ப் போட்ட ஆணை, 30 நாள் கெடு கொடுத்தது. கணக்குப் போட்டால் பிப்ரவரி 19. கூட்டாட்சி நீதிபதிகள் அதை நடைமுறைக்கு வரவிடாமல் தடுத்தார்கள். தற்செயல்தான், சோதிடம் எதுவும் இல்லை. ஆனால் கவின் போனில் நாட்காட்டியைத் திறந்து தானும் எண்ணிப் பார்த்தான். அந்த ஆணை இருபது ஆண்டு முன்பே வந்து நின்றிருந்தால் ஃப்ரீமான்டில் பிறந்த இவன் யார்?

ஆறாம் நாள்: டெமெக்யூலா

விமானத்துக்கு முன் ஒரு தபால் நிலையம் பார்க்கப் போனோம் என்றால் சிரிப்பீர்கள். அதன் பெயர் தலீப் சிங் சௌந்த் தபால் நிலையம்.

சௌந்த் 1920இல் வந்து பெர்க்லியில் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். ஸ்டாக்டன் குருத்வாரா நடத்திய மாணவர் விடுதியில் தங்கிப் படித்தார். பட்டம் வாங்கியும் திண்ட் தீர்ப்பால் குடியுரிமைக்கு வழி இல்லை. இம்பீரியல் பள்ளத்தாக்கில் விவசாயம் செய்தார். 1946இல் சட்டம் மாறியது, ஆண்டுக்கு 100 இந்தியர் வரலாம், இங்கே இருப்பவர்கள் குடியுரிமை பெறலாம் என்று. அதற்காக வருடக்கணக்கில் அலைந்தவர்களில் அவரும் ஒருவர். 1949இல் குடிமகனானார். 1950இல் நீதிபதி தேர்தலில் வென்றார், குடிமகனாகி ஓராண்டு ஆகவில்லை என்று பதவி தரவில்லை. 1952இல் மறுபடி நின்று வென்றார். 1956இல் நாடறிந்த விமானி ஜாக்குலின் காக்ரனைத் தோற்கடித்து அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குப் போனார், அங்கே போன முதல் ஆசிய அமெரிக்கர்.

வரிசையில் பார்சலோடு நின்ற ஒரு மெக்சிகோ அம்மாள், சௌந்த் என்றால் யார் என்று கேட்டார். கவின் ஆரம்பித்தான். ஏஞ்சல் தீவு, திண்ட், குருத்வாரா என்று அவர் முறை வரும் வரை நிறுத்தவில்லை. நடுவில் "எங்கள் ஆள்" என்றான். பஞ்சாபி சீக்கியர் இவனுக்கு எங்கள் ஆளாகிவிட்டார். ஊரில் பக்கத்துத் தெருக்காரனையே எங்கள் ஆள் என்று சொல்ல நாம் ஆயிரம் விசாரிப்போம். இந்தப் பரந்த "எங்கள்" அமெரிக்கா கொடுத்தது, ஊரார் எல்லோரையும் ஹிந்து என்று மொத்தமாக ஒதுக்கியதில் கிடைத்தது.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். சௌந்த் சரி, வோங் சரி, அந்தத் திண்டை மட்டும் உன் கட்டுரையில் தாத்தாவாகச் சேர்க்காதே என்றேன்.

"நீங்கள்தானே மாமா சொல்வீர்கள், வாரிசு என்றால் சொத்தோடு கடனும் வரும் என்று?"

"கடன், வந்த சொத்தின் அளவுக்குத்தான் மாப்பிள்ளை. அதற்கு மேல் வாரிசைக் கேட்க முடியாது. சட்டம் தெரியாமல் பேசாதே."

"அப்படியென்றால் திண்ட் விட்டுப்போன சொத்து எவ்வளவு என்று யார் மதிப்புப் போடுவது?"

அதற்கு ஒரு பதில் சொன்னேன், அவன் ஒத்துக்கொள்ளவில்லை. விமான நிலையம் வரும் வரை இதேதான். கட்டுரையின் முதல் பிரதியை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றிருக்கிறான், திண்ட் எத்தனாவது பத்தியில் வருகிறார் என்று பார்க்க வேண்டும்.